உவர், துவர்

குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில்
சுண்டுவிரல் உயரக் குப்பி.
உள்ளே, வெள்ளை என்று சத்தியம் பண்ண முடியாத ஒரு தூள்.
மூச்சை அடக்கித்தான் நிறுப்பேன்.
தும்மினால்
என் ஒரு மாதச் சம்பளம் போச்சு.

எபிகலோகட்டெச்சின் கலேட்.
பரந்தன் சந்தியில் பஸ் ஏறியதும் சொல்லத் தொடங்கினால்
அறிவியல் நகரில் இறங்கும்போது
கடைசி எழுத்துக்கு வரலாம்.

பச்சைக் கொழுந்தின் துவர்ப்பு இதுதான்.
நாக்கைப் பிடித்துச் சுருக்கி வைக்கிற அதே கை.
எழுபத்தேழில் புசல்லாவையிலிருந்து
லொறியில் வந்திறங்கிய அப்பாவுக்குப்
படத்தைக் காட்டினேன்.
"இவ்வளவுதானா" என்றார்.
பிறகு தன் தேத்தண்ணியைக் குடித்தார்,
மூன்று கரண்டி சீனி போட்டு.

நாலு தட்டு.
ஒன்றில் வெறும் தண்ணீர்.
அடுத்ததில் உப்பு,
ஆவணியில் கண்டாவளைக் கிணறு எவ்வளவு கரிக்குமோ
அவ்வளவு.
மூன்றாவதில் உப்போடு தூள், துளியளவு.
நாலாவதில் உப்போடு அதன் பத்து மடங்கு.
தட்டுக்கு இருபது தக்காளி விதை.
இரண்டு தரம் கரண்ட் நின்றது, அதையும் குறித்திருக்கிறேன்.

ஆறாம் நாள்
வேர்களைச் சாயத்தில் ஊறவிட்டேன்.
ஒரு இலத்திரன் கூடிப்போய்
நிலைகொள்ளாமல் அலைகிற ஒட்சிசன்
எந்தக் கலத்தில் இருக்கிறதோ
அந்தக் கலம் நீலமாகும்.

உப்புத் தட்டில்
மாரி தொடங்கும் முன் வானம் போல
நுனியெல்லாம் இருண்டு கிடந்தது.
மூன்றாவது வெளுத்திருந்தது,
நுனியில் மட்டும் ஒரு பொட்டு.
வேர் நாற்பத்தொரு மில்லிமீற்றர்!
கதிரையில் சாய்ந்து தனியாகச் சிரித்தேன்.

நாலாவதில் நீலமே இல்லை.
துடைத்து வைத்த கண்ணாடி.
நீளம், ஏழு மில்லிமீற்றர்.
வேர்மயிர் ஒன்றுகூட இல்லை.

உவருக்கு முன்னால் ஒரு 'த்' வைத்தால் துவர்.
எத்தனை 'த்' வைக்கலாம் என்று
அரிவரியில் சொல்லித் தரவில்லை.

கலம் நீள வேண்டுமென்றால்
தன் சுவரைத் தானே கொஞ்சம் சுட்டு இளக்க வேண்டும்.
அதற்கும் அதே ஒட்சிசன்தான்.
அணைக்கிற கை
எது அடுப்பு, எது வீடு பற்றி எரிகிறது என்று
பார்ப்பதில்லை.
சுவரைத் திறக்கும் நொதியத்தின் மணிக்கட்டையும்
அது பிடித்திருக்கும்போல.
இன்னும் நிச்சயமில்லை.

"நாலாவதை விட்டிடுங்கோ சுகிர்தா,
ஆக்கள் குழம்புவினம்,"
கலாநிதி இளவேந்தன் சொன்னார்.
அவருக்கு மூன்று தூண் போதும்,
ஏறி, இறங்கி, திரும்ப ஏறுகிற மாதிரி.
நான் நாலாவதைக் கொப்பியில் எழுதினேன்,
பேனையால்.

ஞாயிற்றுக்கிழமை கண்டாவளை.
பஸ்ஸில் நான் சொன்னதைப் பாதி கேட்ட பரஞ்சோதியண்ணை
பதினொரு கண்டுக்கும்
தினமும் விடியத் தேத்தண்ணி ஊத்தியிருக்கிறார்.
"சீனி போட்டோ?"
"பின்ன? வெறுஞ்சாயத்தை ஆர் குடிப்பினம்?"

எறும்புகள் தண்டில் ஏறி இறங்கின.
கீழ் இலைகள் ஓரம் கருகியிருந்தன,
உப்பாலோ சூட்டாலோ சீனியாலோ.
ஒரு கண்டில் மட்டும் மஞ்சளாய் இரண்டு பூ.
"இதுக்கு எத்தனை கோப்பை?"
அவர் எண்ணவில்லை.
தண்ணீர் மட்டும் விட்ட கண்டு ஒன்றாவது?
அதுவும் இல்லை, பாவமாம்.

வேரைப் பார்க்க
அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு குந்தினேன்.
"பிடுங்கிப் போடாதேங்கோ பிள்ளை, அது காய்க்கும்."

கை மண்ணில் நின்றது.
எறும்பு ஒன்று அடிமட்டத்தில் ஏறி
ஏழாவது கோட்டில் நின்று
மீசையைத் துடைத்தது.